ஊர்ப்படத்தை வரைபவர் யார்?

இராபர்ட் சேம்பர்ஸ் எழுதிய ‘ரூரல் டெவலப்மென்ட்: புட்டிங் தி லாஸ்ட் ஃபர்ஸ்ட்’ என்னும் ஆங்கில நூல் 1983-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘ஊரக வளர்ச்சி: கடைசியில் நிற்போரை முதலில் நிறுத்துதல்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஊர் முன்னேற்றம் பற்றிய நூலுக்கு அறிவியல் இதழில் என்ன இடம் என்று வாசகர்கள் கேட்கலாம். இந்நூலை நாம் ஓர் அளவியல் நூலாகவே படிக்கிறோம். வெப்பமானியில் பிழை இருப்பது போல, ஊரை ஆராய வரும் வல்லுநரின் கண்ணிலும் பிழை உண்டு. அப்பிழை அங்குமிங்கும் சிதறாமல் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது என்பதே ஆசிரியரின் முதன்மையான வாதம். சிதறும் பிழையைப் பலமுறை அளந்து சராசரி கண்டு குறைத்துவிடலாம். ஒரே பக்கம் சாயும் பிழையை ஆயிரம் முறை அளந்தாலும் போக்க இயலாது. பள்ளி ஆய்வகத்தில் தராசைத் தொட்டவர் யாவரும் இதனை அறிவர்.

இன்று இந்நூலைத் திரும்ப எடுத்துப் பார்க்கக் காரணம் உண்டு. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் ஊராட்சிகளே திட்டம் தீட்டலாம் என்று அதற்கு இடம் தரப்பட்டது. இருபத்தொன்பது துறைகளும் அட்டவணையில் எழுதப்பட்டன. 2015-க்குப் பின்னர் நாடெங்கும் ‘கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்’ என்ற பெயரில் ஆண்டுத் திட்டங்கள் தயாராகின்றன. மக்களைக் கூட்டித் தரையில் ஊர்ப்படம் வரையச் செய்தல், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அவர்களோடு நடந்து பார்த்தல் போன்ற முறைகள் அதற்கெனப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இம்முறைகளுக்கு மூதாதை என்று சொல்லத்தக்கது இந்நூல். மூதாதை வகுத்துத் தந்த அளவுகோலைக் கொண்டே அதன் வழித்தோன்றலை அளந்து பார்க்கலாம் என்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சேம்பர்ஸ் ஆங்கிலேயர். கென்ய நாட்டில் குடியேற்ற ஆட்சியின் கடைசிக் காலத்தில் மாவட்ட நிருவாகத்தில் பணியாற்றியவர். தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. நெல்லில் புதிய விதைகள் பரவிய காலத்தில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலும் இலங்கையிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வில் அவர் பங்குகொண்டார். அந்த ஆய்வின் முடிவுகள் 1977-இல் ‘பசுமைப் புரட்சி?’ என்ற பொருள்படும் தலைப்பில் பி. எச். ஃபார்மரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தன. பன்னிரண்டு ஊர்களை ஒப்பிட்டுச் சேம்பர்சும் ஜான் ஹேரிஸும் எழுதிய கட்டுரை அதில் உள்ளது. அந்தத் தலைப்பின் கேள்விக்குறியைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்களில் நடந்து பெற்ற ஐயங்கள் பல ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த இந்நூலுக்கு உரமாயின என்று கருத இடமுண்டு.

நூலின் புகழ்பெற்ற பகுதி, வல்லுநரின் பார்வையிலுள்ள ஆறு சாய்வுகளைச் சொல்லும் பகுதி. நகரத்திலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் இவர்களது பயணத்தை ஆசிரியர் சுற்றுலா என்றே எள்ளுகிறார். வண்டி செல்லும் தார்ச்சாலையோடு பார்வை நின்றுவிடுகிறது. சாலை வந்தவுடன் ஓரத்து மனைகளை வசதியுள்ளோர் வாங்கிக்கொள்ள, ஏழைகள் உள்ளே நகர்ந்துவிடுகின்றனர். ஆகவே சாலையே ஏழைகளை மறைக்கும் திரையாகிறது. அடுத்து, ஏற்கெனவே திட்டம் நடக்கும் ஊருக்கே எல்லோரும் அழைத்துச் செல்லப்படுகின்றனர். அங்கே பேசுவோர் ஆண்கள், ஊர்ப் பெரியவர்கள், திட்டத்தால் பயனடைந்தோர், எழுந்து நடமாடும் நலமுடையோர். நோயாளி வீட்டுக்குள் இருக்கிறார். பிழைப்புக்கு வெளியூர் போனவர் ஊரிலேயே இல்லை. இறந்து போனவரைச் சந்திக்க வழியே இல்லை. மரியாதை கருதியும் கூச்சத்தாலும் கேட்கப்படாத கேள்விகள் பல. மண் வல்லுநர் மண்ணை மட்டும் பார்க்கிறார், மருத்துவர் நோயை மட்டும் பார்க்கிறார்.

இவற்றுள் பருவச் சாய்வு பற்றிய பக்கங்களே நூலின் உச்சம் என்பது நம் கருத்து. மழைக்காலத்தில் சேறும் வெள்ளமும் வண்டியைத் தடுக்கின்றன. ஆகவே வல்லுநர்கள் கோடையில் வருகின்றனர். ஆனால் ஏழைக்கு மிகக் கொடிய காலம் மழைக்காலம். சென்ற அறுவடையின் தானியம் தீர்ந்திருக்கும். உழவு வேலையோ உச்சத்தில் இருக்கும். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அப்போதுதான் பரவும். வட்டிக்குக் கடன் வாங்குவதும் அப்போதுதான். பசி, நோய், உழைப்பு, கடன் ஆகிய நான்கும் ஒரே மாதங்களில் வந்து கூடுவதை, கோடையில் வருபவர் ஒருபோதும் காண்பதில்லை. நம் மாநிலத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். இங்கே ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. நிதியாண்டோ மார்ச் 31-இல் முடிகிறது. ஒதுக்கிய பணத்தைச் செலவிட்டுக் கணக்குக் காட்டும் பரபரப்பு தை, மாசி, பங்குனியில் உச்சமடைகிறது. மழை ஓய்ந்து அறுவடையும் முடிந்து, களத்துமேடு நிறைந்திருக்கும் காலம் அது. ஊர் செழிப்பாகத் தோன்றாமல் வேறு எப்படித் தோன்றும்?

ஊராரின் அறிவை அறிவியலாகவே மதிக்க வேண்டும் என்பது நூலின் இன்னொரு வாதம். இதற்கு நம்மிடமே நல்ல சான்று உள்ளது. மழைமானி, விழுந்த நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்கிறது. நம் உழவரோ ‘ஓர் உழவு மழை’, ‘இரண்டு உழவு மழை’ என்கிறார். ஏர் இறங்கும் ஆழத்துக்கு மண் நனைந்ததா என்பதே அவரது அளவு. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் மழையும் நாள் முழுவதும் தூறும் மழையும் மானியில் ஒரே அளவு காட்டலாம். முன்னதில் பெரும்பகுதி ஓடையோடு போகும், பின்னது மண்ணுக்குள் இறங்கும். கரிசலுக்கும் செவலுக்கும் நீர் இறங்கும் விதம் வேறு. விதைப்பவருக்குத் தேவை மண் பிடித்துக்கொண்ட நீரின் அளவே. எனவே உழவரின் அளவை மழைமானியின் மட்டமான நகல் என்று எண்ணுவது தவறு. அது அளப்பது வேறொரு பொருளை.

எனினும் கண்ணால் காண இயலாதவற்றில் ஊரறிவு தடுமாறும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு இதற்குத் தக்க சான்று. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட ஃபுளோரைடு நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அந்நீரைப் பார்த்தோ சுவைத்தோ அதைக் கண்டறிய முடியாது. தெளிந்த, இனிய நீராகவே இருக்கும். எந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறியுள்ளது, அவர்கள் எந்தக் கிணற்று நீர் குடித்தவர்கள் என்பதை ஊரார் துல்லியமாகச் சொல்வார்கள். காரணத்தைச் சொல்ல ஆய்வகம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அன்றி அவ்வூரின் குடிநீர்த் திட்டம் சரியாக அமையாது. சேம்பர்ஸ் இவ்வெல்லையை ஒப்புக்கொள்கிறார். அவர் பெயரைச் சொல்லிப் பயிற்சி நடத்துவோர்தாம் பல வேளைகளில் மறந்துவிடுகின்றனர்.

நூல் வெளிவந்த சில ஆண்டுகளில் அதன் கருத்து ஒரு செய்முறையாக உருப்பெற்றது. 1988-இல் கென்யாவிலும் நம் நாட்டுக் குசராத்திலும் தொடங்கிய முயற்சிகள் ‘பங்கேற்பு ஊரக மதிப்பீடு’ என்ற பெயரில் விரைவில் பரவின. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா என்னும் தொண்டு நிறுவனம் தென்னிந்தியாவில் இதனை வளர்த்ததில் பெரும் பங்கு கொண்டது. கோலப்பொடி, செங்கற்பொடி, விதை, கூழாங்கல் இவையே கருவிகள். தெரு, கிணறு, ஏரி, கோயில் ஆகியவற்றை ஊராரே தரையில் வரைவர். வீட்டுக்கு ஒரு கல் வைப்பர். மாதத்துக்கு இத்தனை விதை என்று வேலையையும் பசியையும் காட்டுவர். வெளியிலிருந்து வந்தவர் கையிலுள்ள குச்சியை ஊராரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் பங்கு பெறலாம். தவறாக வரைந்தால் பக்கத்திலிருப்பவர் காலால் அழித்துத் திருத்தலாம். அச்சிட்ட வினாத்தாளில் இந்த வசதி இல்லை. இதனை அழகிய கண்டுபிடிப்பு என்றே சொல்ல வேண்டும்.

2022-ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாவட்டமொன்றின் ஊராட்சியில் அத்தகைய படம் வரையப்பட்டதை நாம் அருகிருந்து பார்த்தோம். இடம் மாரியம்மன் கோயில் முன்றில். நேரம் முற்பகல் பதினொன்று. ஏறத்தாழ நாற்பது பேர் கூடினர். பெண்கள் பத்துப் பேர் இருக்கலாம், திண்ணையோரம் நின்றனர். கோயிலிலிருந்து தொடங்கிய படம் தெருத் தெருவாக விரிந்தது. ஏரி, மதகு, பள்ளி, மேல்நிலை நீர்த்தொட்டி எல்லாம் வந்தன. ஆதிதிராவிடர் குடியிருப்பு ஓரத்தில் ஒரு கட்டமாக வந்தது. மற்றத் தெருக்களில் வீட்டுக்கொரு கல் வைத்தவர்கள் அங்கே ஒரு கைப்பிடிக் கல்லை மொத்தமாகப் போட்டனர். அக்குடியிருப்பைச் சேர்ந்தோர் மூவர் கூட்டத்தில் இருந்தனர். அவர்கள் எதுவும் சொல்லவில்லை. கோயில் முன்றிலில் நின்று திருத்தம் சொல்வது அவ்வளவு எளிய செயலா?

சேம்பர்சின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். இடச் சாய்வு: தார்ச்சாலை போய், கோயில் முன்றில் வந்தது. ஆட்சாய்வு: பகல் பதினொரு மணிக்குக் கூலி வேலைக்குப் போனவர் எப்படி வருவார்? திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன இளைஞர்தாம் ஊரின் நாளையை வாழப்போகிறவர்கள். அவர்கள் கணக்கிலேயே இல்லை. மரியாதைச் சாய்வு முன்பு வல்லுநரின் வாயைக் கட்டியது, இப்போது ஊராரின் வாயைக் கட்டுகிறது. புறம்போக்கை வளைத்தவர் யார், எந்தப் பாதை யார் வரப்பில் முடிகிறது என்பன எல்லோருக்கும் தெரியும். எல்லோர் முன்னிலையிலும் சொல்ல யாரும் துணிவதில்லை. பருவச் சாய்வு வேடிக்கையான முறையில் திரும்பி வந்துள்ளது. 2018-இல் மக்கள் திட்ட இயக்கம் அக்டோபர் 2 முதல் டிசம்பர் 31 வரை நடத்தப்பட்டது. மழைக்காலத்தில் ஊருக்கு வரும் குறை தீர்ந்தது என்று மகிழலாம். ஆனால் தமிழ்நாட்டில் அது சம்பா நடவும் களையெடுப்பும் நடக்கும் காலம். நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் பெண்கள். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

திட்டச் சாய்வைப் பற்றி மானிடவியல் அறிஞர் டேவிட் மோசே 1990-களில் எழுதியவை கருதத்தக்கவை. தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தை ஆராய்ந்து 2003-இல் ‘த ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூலை எழுதியவர் இவர். மேற்கு இந்தியாவின் பில் பழங்குடி ஊர்களில் நடந்த மானாவாரி வேளாண்மைத் திட்டமொன்றில் தாமே பணியாற்றி, இம்முறையின் உட்புறத்தைக் கண்டார். ஊர்ப்படம் வரைதல் என்பது பலர் காண நடக்கும் பொது நிகழ்ச்சி. அதில் ஆண்களும் செல்வாக்குள்ளோரும் சொல்வது ‘ஊர்க் கருத்து’ ஆகிவிடுகிறது என்பது அவர் கூறிய முதற் குறை. இரண்டாவது இன்னும் கூர்மையானது. வந்திருக்கும் அமைப்பு எதைத் தரக்கூடும் என்று ஊரார் முன்கூட்டியே ஊகித்து, அதையே தங்கள் தேவையாகச் சொல்கின்றனர். கேட்பவரின் முகம் பதிலில் நிழலாக விழுகிறது. அளக்கப்படும் பொருளைக் கருவி மாற்றிவிடும் இந்நிலை இயற்பியல் படித்தோருக்குப் புதியதன்று.

நம் ஊராட்சிகளில் அந்த நிழல் பணத்தின் வடிவில் விழுகிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு ஆகிய இரண்டுக்கென்றே கட்டப்பட்டது. இவை வேண்டாதவை என்று யாரும் சொல்லார். ஆனால் ஊரார் கூடி விருப்பம்போல் முடிவு செய்ய எஞ்சியது 40 விழுக்காடே. படம் வரைந்தவர்கள் இதனை அறிவார்கள். ஆகவே படத்தில் குழாய்களும் தொட்டிகளும் பெருகுகின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் முதல் 2019 முடியும் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களே இல்லை. தனி அலுவலர்கள் பொறுப்பு வகித்தனர். 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் அவ்வாறே ஆயிற்று. மக்கள் திட்டம் என்ற பெயர் மட்டும் அந்த ஆண்டுகளிலும் மாறவில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்ததை இத்தோடு ஒப்பிடலாம். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கமும் திருவனந்தபுரத்தின் புவி அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து, 1990-களின் தொடக்கத்தில் ஊராட்சிகளின் இயற்கை வளங்களைப் படமாக்கும் பணியில் இறங்கின. ஊர்த் தொண்டர்கள் பயிற்சி பெற்று, நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலமாக நடந்து, மண்ணும் நீரும் பயிரும் குறித்தனர். ஒரு முற்பகலில் முடிந்த வேலையன்று அது. கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி ஊராட்சி இத்தகைய திட்டமிடலுக்கு எடுத்துக்காட்டாயிற்று. அதன்பின் 1996-இல் மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்குத் தருவதென அரசு முடிவெடுத்து, மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. பெண்களுக்கான பணிகளுக்கு 10 விழுக்காடு ஒதுக்குமாறும் சொல்லப்பட்டது. அங்கும் குறைகள் இருந்தன. ஆயினும் படத்துக்குப் பின்னால் பணமும் முடிவெடுக்கும் உரிமையும் வந்தன என்பது பெரிய வேறுபாடு.

இங்கேதான் சேம்பர்சின் நூல் நம்மைப் பாதிவழியில் விட்டுவிடுகிறது. வறுமை, உடல் நலிவு, ஒதுங்கிக் கிடத்தல், இடுக்கணுக்கு ஆளாகும் நிலை, அதிகாரமின்மை ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று பின்னி ஏழையைப் பிணிக்கும் பொறி என்று அவர் அருமையாக விளக்குகிறார். நோயைச் சொன்னவர் மருந்துக்கு வரும்போது வல்லுநரின் மனமாற்றத்தை நாடுகிறார். அலுவலர் பணிவு கற்க வேண்டும், கேட்கப் பழக வேண்டும், குச்சியைக் கைமாற்ற வேண்டும் என்கிறார். முன்னாள் மாவட்ட அலுவலர் ஒருவர் அலுவலர்களுக்கு எழுதிய நூல் வேறு எப்படி இருக்கும்? ஆனால் குச்சி கைமாறும்போது ஊரில் யார் கைக்குப் போகிறது என்ற கேள்விக்கு அதில் போதிய விடை இல்லை. 1997-இல் எழுதிய நூலில் அவர் இதனைத் தொட்டாலும், வல்லுநர் தம்மைத் திருத்திக்கொள்வதையே அங்கும் வற்புறுத்துகிறார்.

அளவியலில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஒரு கருவியில் ஐயம் தோன்றினால், வேறிடத்தில் வேறொருவர் கையால் மறுபடி அளப்போம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்காமல் எழுதி வைப்போம். ஊர்ப்படத்துக்கும் அதைச் செய்யலாம். கோயில் முன்றிலில் ஒன்று, ஊர்க்கோடியில் ஒன்று. பகலில் ஒன்று, வேலை முடிந்த பின் ஒன்று. ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. இவற்றைக் கலந்து ஒரே படமாக்கி அழகுபடுத்தக்கூடாது. எங்கே முரண்படுகின்றனவோ அதுவே கிராம சபை பேச வேண்டிய இடம். இதற்கு ஆகும் செலவு இன்னொரு மாலைப் பொழுதும் ஒரு படி கோலப்பொடியும்தான். முரண்பாட்டைப் பதிவு செய்ய இன்றைய படிவங்களில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.

நாம் கண்ட ஊரில் தற்செயலாக அவ்வாறு நடந்தது. படம் வரையச் செய்தவர்களுள் இளம்பெண் ஒருவர், முற்பகல் கூட்டத்தில் மனம் நிறையாமல், மறுநாள் மாலை ஆதிதிராவிடர் குடியிருப்புக்குப் போய்ப் பெண்களிடம் கோலப்பொடியைக் கொடுத்தார். அவர்களது படம் கோயிலில் தொடங்கவில்லை, தெருக்குழாயில் தொடங்கியது. ஐம்பத்தேழு வீட்டுக்கும் தனித்தனிக் கல் வந்தது. ஏரிக்கரை வரை ஒரு கோடு இழுத்து, நடுவில் நிறுத்தி, மறுபடி தொடங்கினர். அது மயானப் பாதை என்றார்கள். இடையிலே பட்டா நிலம். பயிர் இருக்கும் மாதங்களில் பிணத்தை வரப்பின்மேல் ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிப் போக வேண்டும், மழைக்காலத்தில் இடுப்பளவு நீரில் இறங்கிப் போக வேண்டும். முந்தைய நாள் படத்தில் அப்பாதையும் இல்லை, அது முறிந்த இடமும் இல்லை.

அவ்வாண்டுத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது முதற்படம். வரைதாளில் படியெடுத்து வட்டார அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாவது படம் அன்றிரவு மழையில் கரைந்துபோயிற்று. அதற்குமுன் அப்பெண்களில் ஒருவர் அதைத் தம் மகளின் பள்ளிக் குறிப்பேட்டில் பென்சிலால் வரைந்து வைத்துக்கொண்டார். நவம்பர் முதல் நாள் கிராம சபைக்குக் கொண்டு போவதாகச் சொன்னார்.